வந்தவர்களும் இருப்பவர்களும்: 1968 சிகாகோ மாநாடும் உள்ளூர் நாளிதழ்களும்

ஒரு தேசியக் கட்சியின் மாநாடு எந்த நகரத்தில் கூடுகிறதோ அந்த நகரத்துச் செய்தியாளர்களுக்கு, வெளியூரிலிருந்து வந்து நான்கு நாள் தங்கிப்போகும் செய்தியாளர்களுக்கு இல்லாத ஒரு வசதியும் ஒரு தளையும் சேர்ந்தே வாய்க்கின்றன. மேடையில் நிற்பவர் யாருடைய தயவில் ஏறினார், பார்வையாளர் மாடத்தில் பதாகை பிடிப்பவர் எந்த வட்டத்து ஊழியர், ஊர்வலத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்த நீதிபதி முன்பு யாருடன் கூட்டாகத் தொழில் செய்தவர் என்பதெல்லாம் உள்ளூர்க்காரர் அறிந்த செய்திகள். ஆனால் மாநாடு கலைந்த மறுவாரம் அதே மேயர் அலுவலகத்துக்கும் அதே காவல் தலைமையகத்துக்கும் செய்தி கேட்டுப் போக வேண்டியவரும் அவரே. 1968 ஆகஸ்ட் 26 முதல் 29 வரை சிகாகோவில் நடந்த அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி தொலைக்காட்சியையும் தேசிய இதழ்களையும் சுற்றியே அமைந்திருக்கிறது. அந்த நகரத்து நாளிதழ்கள் அந்த வாரத்திலும் அதற்கு முன்னும் பின்னும் நடந்துகொண்ட விதத்தை ஆராய்ந்தால், அவற்றின் குறை அறியாமையால் நேர்ந்ததன்று, நிருபருக்குத் தெரிந்ததற்கும் நாளிதழ் அச்சிட்டதற்கும் இடையே இருந்த தொலைவால் நேர்ந்தது என்பது புலப்படும்.

அமெரிக்கக் கட்சிகளின் தேசிய மாநாடு, தமிழ்நாட்டில் கட்சி மாநாடு என்றதும் நினைவுக்கு வரும் ஊர்வலமும் திடலும் தீர்மானங்களும் சேர்ந்த பலக்காட்சியிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் அம்மாநாட்டில், எல்லா மாநிலங்களிலிருந்தும் வரும் பேராளர்கள் வாக்களித்துக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்று மாநிலந்தோறும் நடக்கும் முதனிலைத் தேர்தல்களிலேயே, அதாவது கட்சி ஆதரவாளர்கள் நேரடியாக வாக்களிக்கும் தேர்தல்களிலேயே, வேட்பாளர் யார் என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுவதால் மாநாடு ஒரு சடங்காகிவிட்டது. 1968இல் பேராளர்களில் பெரும்பாலோரை மாநிலக் கட்சித் தலைவர்களும் பெருநகர மேயர்களும் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். அவ்வாண்டு மார்ச் 31 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என அறிவித்தார். ஜூன் மாதத்தில் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். வியட்நாம் போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தி முதனிலைத் தேர்தல்களில் வாக்குகளைத் திரட்டிக்கொண்டிருக்க, துணைக் குடியரசுத் தலைவர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியோ அத்தகைய தேர்தல் ஒன்றிலும் நிற்காமலேயே, தலைவர்களின் ஆதரவை மட்டும் கொண்டு வேட்பாளராகும் நிலையில் இருந்தார். ஆகவே அந்த மாநாட்டைப் புரிந்துகொள்வது என்பது அத்தலைவர்களைப் புரிந்துகொள்வது. அவர்களுள் முதல்வரிசையில் இருந்தவர் மாநாடு நடந்த நகரத்தின் மேயரான ரிச்சர்ட் ஜே. டேலி.

மாநாட்டு நகரத்தின் இதழ்கள் வெறும் பார்வையாளராக இருந்துவிடுவதில்லை என்பதற்குச் சிகாகோவிலேயே பழைய சான்று உண்டு. 1860இல் குடியரசுக் கட்சி, விக்வாம் எனப்பட்ட மரக் கூடத்தில் கூடி ஆபிரகாம் லிங்கனை வேட்பாளராக்கியபோது, அந்நாளில் ‘பிரஸ் அண்ட் ட்ரிப்யூன்’ எனப் பெயர் கொண்டிருந்த நாளிதழின் ஜோசப் மெடில் லிங்கனுக்காக எழுதியதோடு நிற்கவில்லை. கட்சித் தலைவர் நார்மன் ஜட்டுடன் சேர்ந்து, எதிர்ப் போட்டியாளர் சீவர்டின் நியூயார்க் பேராளர்கள் தயக்கத்திலிருந்த பென்சில்வேனியாக்காரர்களுடன் எளிதில் பேச முடியாதபடி இருக்கைகளைப் பிரித்துப் போடும் வேலையிலும் அவர் பங்கெடுத்தார். 1940இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை போட்டியிடுவதா என்ற கேள்வியோடு ஜனநாயகக் கட்சி இதே நகரத்தில் கூடியபோது, ரூஸ்வெல்டே வேண்டும் என்று ஒலிபெருக்கியில் இடைவிடாமல் முழங்கிய குரல் அரங்கின் அடித்தளத்தில் அமர்ந்திருந்த நகராட்சிக் கழிவுநீர்த் துறைக் கண்காணிப்பாளருடையது. அவரை அங்கே உட்கார வைத்தவர் அன்றைய மேயர் எட்வர்ட் கெல்லி. அழைத்த நகரத்தின் தலைவர் பார்வையாளர் மாடத்தையும் ஒலிபெருக்கியையும் வாயிற்காவலையும் தன் கையில் வைத்திருப்பார் என்பது சிகாகோ அரசியலின் பழைய பாடம்.

டேலியின் அதிகாரம் மேயர் பதவியிலிருந்து மட்டும் வந்ததன்று. 1955இல் மேயராவதற்கு ஈராண்டு முன்பே அவர் குக் கவுன்டி ஜனநாயகக் கட்சியின் தலைவராகியிருந்தார். 1976இல் இறக்கும்வரை இரு பொறுப்புகளையும் விட்டுக்கொடுக்கவில்லை. நகரத்தின் ஐம்பது வட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சிப் பொறுப்பாளர், அவருக்குக் கீழே வாக்குச்சாவடி அளவில் இயங்கும் ஊழியர்கள், அவ்வூழியர்களுக்கு நகராட்சியிலும் கவுன்டி அலுவலகங்களிலும் வேலை, அவ்வேலைக்குக் கைம்மாறாகத் தேர்தல் நாளில் வாக்கு என்ற இந்த ஏற்பாட்டைத்தான் அமெரிக்கர்கள் கட்சி ‘இயந்திரம்’ என்கிறார்கள். மற்ற பெருநகரங்களில் அது தேய்ந்துகொண்டிருந்த காலத்தில் சிகாகோவில் மட்டும் முழு வலுவோடு ஓடிக்கொண்டிருந்தது. குப்பை நேரத்துக்கு அள்ளப்படும், தெரு விளக்கு எரியும், பனி பெய்தால் சாலை சுத்தமாகும். இவற்றை எதிர்பார்த்து இயந்திரத்துக்கு வாக்களித்தவர்களை ஏமாளிகள் என்று எண்ணுவது, வந்துபோகும் விமர்சகர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

அந்நகரத்தில் அப்போது நான்கு பெரிய நாளிதழ்கள் வெளிவந்தன. ஆனால் உரிமையாளர்கள் இருவரே. ‘சிகாகோ ட்ரிப்யூன்’, மாலை இதழான ‘சிகாகோஸ் அமெரிக்கன்’ ஆகிய இரண்டும் ட்ரிப்யூன் நிறுவனத்தின் கையில் இருந்தன. ‘சன்-டைம்ஸ்’, ‘டெய்லி நியூஸ்’ ஆகிய இரண்டும் ஃபீல்ட் நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்தன. இவற்றோடு, 1905இல் ராபர்ட் எஸ். அபட் தொடங்கி 1956இல் நாளிதழாக மாறிய கறுப்பின மக்களின் ‘டிஃபெண்டர்’ தனியாக இயங்கியது. ட்ரிப்யூன் நெடுங்காலமாகக் குடியரசுக் கட்சியின் குரலாக இருந்த இதழ். கட்சி அளவில் டேலி அதற்கு எதிர்முகாம்தான் என்றாலும், நகரத்தின் வணிக மையத்தைக் கட்டி எழுப்பிய, தொழிலதிபர்களோடு இணங்கிப்போன, ஒழுங்கை வலியுறுத்திய மேயரோடு அதற்குப் பெரிய பகை எதுவுமில்லை.

அடியிலிருந்து செய்தியைச் சேகரித்து எல்லா இதழ்களுக்கும் அனுப்பிய கூட்டு நிறுவனமான சிட்டி நியூஸ் பியூரோவின் இளம் நிருபர்கள், காவல் நிலையம் காவல் நிலையமாக நடந்து தொழில் கற்றவர்கள். காவல்துறைச் செய்திகளைப் பல ஆண்டுகள் எழுதிவந்த மூத்த நிருபருக்கோ அதிகாரிகளின் நட்பே மூலதனம். அந்த நட்பு முறிந்தால் அவருடைய பிழைப்பே முறியும். மேயர் அலுவலகச் செய்தியாளர்களின் நிலையும் ஏறக்குறைய அதுதான். டேலியின் செய்திச் செயலர் ஏர்ல் புஷ் ஒருமுறை, மேயர் சொன்னதை அப்படியே அச்சிடாமல் அவர் சொல்ல நினைத்ததைத்தான் நிருபர்கள் அச்சிட்டிருக்க வேண்டும் என்று குறைப்பட்டுக்கொண்டது வேடிக்கைக் கதையாக இன்றும் சொல்லப்படுகிறது. அக்குறைப்பாட்டில் ஓர் உண்மையான எதிர்பார்ப்பு இருந்தது: உள்ளூர் நிருபர் என்பவர் மேயரின் வாக்கியங்களைச் சீர்செய்து கொடுக்கும் பணியாளர் என்பதே அது.

மாநாடு சிகாகோவுக்கு வழங்கப்பட்டது 1967 அக்டோபரில். அவ்வாண்டு ஜனவரியில் ஏரிக்கரையிலிருந்த மெக்கார்மிக் பிளேஸ் கண்காட்சிக் கூடம் தீக்கிரையாகிவிட்டதால், நகரத்தின் தென்பகுதியில் கால்நடைச் சந்தையை ஒட்டியிருந்த இன்டர்நேஷனல் ஆம்ஃபிதியேட்டர் அரங்கம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1968 ஏப்ரல் 4 அன்று மார்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதையடுத்து நகரத்தின் மேற்குப் பகுதி பற்றி எரிந்தபோது, தீவைப்போரைச் சுட்டுக் கொல்லவும் கொள்ளையடிப்போரைச் சுட்டு முடமாக்கவும் காவல்துறைக்குத் தாம் கட்டளையிட்டதாக டேலி சில நாள் கழித்து அறிவித்தார். எதிர்ப்பு எழவே அதன் கூர்மையைக் குறைத்துப் பேசினார். அதே ஏப்ரல் 27 அன்று நகர மையத்தில் நடந்த போர் எதிர்ப்பு ஊர்வலத்தைக் காவலர்கள் தடியால் அடித்துக் கலைத்தார்கள். அதை விசாரித்த குடிமக்கள் குழு, காவல்துறையையும் நகர நிர்வாகத்தையும் குறைகூறும் அறிக்கையை மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பே வெளியிட்டது. ஆகஸ்டில் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு ஒரு முன்னோட்டம் உள்ளூர் இதழ்களின் மேசையிலேயே கிடந்தது என்றால் மிகையில்லை. ஆனால் அடுத்துவந்த வாரங்களில் அவற்றின் பக்கங்களில் அதிக இடம் பிடித்தது அந்த அறிக்கையன்று, போராட்டக்காரர்களின் மிரட்டல்கள்.

ஏபி ஹாஃப்மேனும் ஜெர்ரி ரூபினும் முன்னின்று நடத்திய யிப்பிகள் என்ற இளைஞர் கூட்டம், செய்தித்தாள்களின் பசியை நன்றாக அறிந்திருந்தது. நகரின் குடிநீரில் எல்எஸ்டி என்ற போதைப்பொருளைக் கலப்போம் என்பது போன்ற பேச்சுகளை அவர்கள் வேண்டுமென்றே பரப்பினார்கள். ஒரு பன்றியை வேட்பாளராக அறிவித்து நகர மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். நகர நிர்வாகம் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் காவல் போட்டது. ‘சிகாகோஸ் அமெரிக்கன்’ இதழின் பத்தி எழுத்தாளர் ஜாக் மேப்லி, காதில் விழுந்த சதித் திட்டங்களையெல்லாம் ஒரு பட்டியலாக்கித் தம் பத்தியில் வெளியிட்டார். பேராளர்களை வாடகைக் கார்களில் ஏற்றி விஸ்கான்சினில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள் என்பதும் அவற்றுள் ஒன்று. அங்கதம், வதந்தி, உளவுத் தகவல் ஆகிய மூன்றையும் பிரித்தறிவதில்தான் உள்ளூர் நிருபரின் அனுபவம் பயன்பட்டிருக்க வேண்டும். மாறாக, காவல்துறை சொன்னது இதழில் வந்தது, இதழில் வந்ததைக் காவலர்கள் படித்தார்கள், அச்சம் அவ்வகையில் சுழன்று சுழன்று பெருகியது.

ஊர்வல அனுமதி விவகாரத்தில் நிலைமை இதற்கு நேர்மாறு. போர் எதிர்ப்பு அமைப்புகள் மாதக்கணக்கில் விண்ணப்பித்தும் நகர நிர்வாகம் இழுத்தடித்தது. பூங்காக்களை இரவு 11 மணிக்கு மூடும் விதியைத் தளர்த்த மறுத்தது. வழக்குத் தொடுக்கப்பட்டபோது அதைத் தள்ளுபடி செய்த கூட்டாட்சி நீதிபதி வில்லியம் லின்ச், ஒரு காலத்தில் டேலியின் வழக்கறிஞர் தொழில் கூட்டாளியாக இருந்தவர். வெளியூரிலிருந்து வந்த நிருபருக்கு அது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. உள்ளூர் நிருபருக்கோ, நகரத்தின் அதிகாரம் எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடம். வாசகர் முன் விரிக்கப்பட்டிருக்க வேண்டிய வரைபடமும் அதுவே.

மாநாட்டு வாரத்தில் உள்ளூர் இதழ்களுக்கு எதிர்பாராத ஒரு சாதகம் கிடைத்தது. இல்லினாய் பெல் தொலைபேசி நிறுவனத்துக்கு எதிராக மின்பணியாளர் சங்கம் மே மாதத்திலிருந்து வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது. மாநாட்டு அரங்கத்துக்குள் மட்டும் இணைப்புகளைப் பொருத்துவதற்குச் சமரசம் ஏற்பட்டதால், பேராளர்கள் தங்கியிருந்த நகர மைய விடுதிகளிலிருந்தோ பூங்காக்களிலிருந்தோ தொலைக்காட்சி நிறுவனங்கள் நேரலையாக ஒளிபரப்ப இயலவில்லை. ஆகஸ்ட் 28 புதன்கிழமை இரவு எட்டு மணியளவில் கான்ராட் ஹில்டன் விடுதியின் முன்னே மிச்சிகன் அவென்யூவில் நடந்த தடியடி, ஒளிநாடாவாகக் கொண்டுசெல்லப்பட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தாமதித்தே வேட்பாளர் நியமன உரைகளுக்கு நடுவில் திரையில் வந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெருவில் முழங்கியவர்கள் அந்தக் கணத்தில் நேரலையில் இல்லை. பென்சிலும் தாளும் பொதுத் தொலைபேசிக்கான சில்லறையும் மட்டுமே வைத்திருந்த நாளிதழ் நிருபருக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது. தெருக்களும் தெரியும், குறுக்குச் சந்துகளும் தெரியும்.

அரங்கத்தின் உள்ளே அவருடைய அறிவு இன்னும் கூர்மையாகப் பயன்படக்கூடியது. 118 வாக்குகள் கொண்ட இல்லினாய் பேராளர் குழு யாரை ஆதரிக்கிறது என்பதை டேலி மாநாட்டு வாரம் வரை வெளிப்படுத்தாமல் வைத்திருந்தார். எட்வர்ட் கென்னடியைக் களமிறக்க முடியுமா என்று பார்த்தார். முடியாதென்று தெரிந்தபின் 112 வாக்குகளை ஹம்ஃப்ரிக்கு அளித்தார். வியட்நாம் போர் குறித்த அமைதித் தீர்மானம் 1,041¼ வாக்குகள் பெற்று, எதிர்த்த 1,567¾ வாக்குகளிடம் தோற்றது. கனெக்டிகட் செனட்டர் ஆபிரகாம் ரிபிகாஃப் மேடையிலிருந்து, சிகாகோ தெருக்களில் கெஸ்டபோ முறைகள் கையாளப்படுவதாகச் சாடியதும், முன்வரிசையில் அமர்ந்திருந்த டேலி எழுந்து கத்தியதும் தேசத்தின் நினைவில் பதிந்த காட்சிகள். அடுத்த நாள் வியாழக்கிழமை மாடங்களை நிரப்பி, மேயரை நேசிக்கிறோம் என்ற பதாகைகளை அசைத்த கூட்டம், திரையில் பார்த்தவர்களுக்கு வெறும் பார்வையாளர் திரள். அவர்கள் வட்டந்தோறும் திரட்டப்பட்ட நகராட்சி ஊழியர்களும் கட்சித் தொண்டர்களுமே என்பதைக் காட்ட உள்ளூர் நிருபருக்கு ஆதாரம் தேட வேண்டியிருக்கவில்லை. அவர்களில் பலரை அவர் தேர்தல் நாள்களில் பார்த்திருப்பார்.

வெளியூர்ச் செய்தியாளரின் துணிவையும் உள்ளூர்ச் செய்தியாளரின் கோழைத்தனத்தையும் எதிரெதிரே நிறுத்திக் கதை சொல்வது எளிது; ஆனால் சான்றுகள் அதற்கு முழுதும் இடம் கொடுப்பதில்லை. தம் சக நிருபர் டான் ராதர் அரங்கத்திலேயே தாக்கப்பட்டபோது, அங்கிருப்பவர்கள் அடியாள்கள் என்று கோபத்தோடு சொன்ன சிபிஎஸ் நிறுவனத்தின் வால்டர் குரோன்கைட், அடுத்த சில நாளில் டேலியை நேர்கண்டபோது தணிந்துபோனார். வேட்பாளர்களையும் தம்மையும் கொல்லச் சதி நடந்ததாக உளவுத் தகவல் இருந்தது என்று டேலி சொன்னதை, அது எங்கிருந்து வந்தது என்று துருவாமலேயே போகவிட்டார். நகரத்தின் உளவுப் பிரிவும் மேயர் அலுவலகமும் எப்படி இயங்குகின்றன என்பதை அறிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் உரையாடல் வேறு மாதிரி போயிருக்கும்.

அடிபட்டவர்களில் உள்ளூர் நிருபர்களும் புகைப்படக்காரர்களும் இருந்தார்கள் என்பதுதான் அவ்வாரத்தின் திருப்பம். வன்முறைகளின் காரணங்களை ஆராயக் குடியரசுத் தலைவர் அமைத்த தேசிய ஆணையத்துக்காக வழக்கறிஞர் டேனியல் வாக்கர் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1968 டிசம்பர் 1 அன்று வெளியானது. தெருக்களிலும் பூங்காக்களிலும் செய்தி சேகரிக்க அமர்த்தப்பட்டிருந்த ஏறத்தாழ 300 பேரில் 60க்கும் மேற்பட்டோர் காயமடைந்தோ கருவி சேதப்பட்டோ கைதாகியோ பாதிக்கப்பட்டதாக அது கணக்கிட்டது. போராட்டக்காரர்கள் காவலர்களைத் திட்டியும் பொருள்களை எறிந்தும் சீண்டியதை அவ்வறிக்கை மறைக்கவில்லை. எனினும் காவலர்களின் எதிர்வினையைக் கட்டுப்பாடற்ற, ஆள் பார்க்காத வன்முறை என்றும், சில இடங்களில் நடந்ததைக் ‘காவல்துறைக் கலவரம்’ என்றும் விவரித்தது. சதிப் பட்டியல் வெளியிட்ட அதே மேப்லி, ஊன்றுகோலோடு விலக முயன்ற ஓர் ஊனமுற்றவரைக் காவலர் ஒருவர் துரத்தி அடித்ததைக் கண்டு அதையும் எழுதினார் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. ‘டெய்லி நியூஸ்’ இதழில் மைக் ராய்க்கோ, தாம் சிறுவயதிலிருந்து அறிந்த நகரத்தின் காவல்துறையையும் மேயரையும் ஈவிரக்கமின்றிச் சாடினார். ட்ரிப்யூன் தலையங்கமோ காவல்துறையின் பக்கமே நின்றது.

இவ்விடத்தில் பெரும்பாலான ஆய்வுகள் தாண்டிச் செல்லும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிகாகோவின் தென்பகுதியிலும் மேற்குப் பகுதியிலும் வாழ்ந்த கறுப்பின மக்களுக்குக் காவலரின் தடி ஆகஸ்டில் புதிதாகத் தெரியவந்த பொருளன்று. அவர்களுடைய அனுபவம் ‘டிஃபெண்டர்’ இதழில் அன்றாடச் செய்தி. மற்ற நான்கு நாளிதழ்களில், கலவரம் வெடித்தாலொழிய, அரிதாகவே செய்தி. அடிபட்டவர்கள் வெள்ளை மாணவர்களாகவும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய நிருபர்களாகவும் இருந்த வாரத்தில்தான் அந்தத் தடி தலையங்கத்துக்கு உரிய பொருளானது. உள்ளூர் இதழ்களின் உண்மையான கடன் அந்த ஒரு வாரத்துக்கு உரியதன்று, அதற்கு முந்தைய பல ஆண்டுகளுக்கு உரியது என்பதே நியாயமான மதிப்பீடாகும்.

செப்டம்பரில் டேலி எதிர்த்தாக்குதலைத் தொடங்கினார். நகர நிர்வாகம் தன் தரப்பை விளக்கும் அறிக்கையை வெளியிட்டது; போராட்டக்காரர்களைக் குற்றம்சாட்டும் ஆவணப்படம் ஒன்று பல தொலைக்காட்சி நிலையங்களில் ஒளிபரப்பானது. காவலர் ஒழுங்கின்மையை உண்டாக்க நிற்கவில்லை, ஒழுங்கின்மையைக் காக்கவே நிற்கிறார் என்று மேயர் வாய்தவறிச் சொன்னதும் இந்த நாள்களில்தான். நகைப்புக்கு இடமானாலும் நாட்டின் பொதுக்கருத்து அவர் பக்கமே சாய்ந்தது. காலப் நிறுவனத்தின் கணிப்பில் 56 விழுக்காட்டினர் சிகாகோ காவல்துறை நடந்துகொண்ட விதத்தை ஏற்றார்கள். வாசகர்களின் சினம் நாளிதழ் அலுவலகங்களை எட்டியதும், அந்த வாரத்தில் ஓரளவு நிமிர்ந்து நின்ற இதழ்களின் நிர்வாகங்கள்கூட மெல்ல மேயரின் விளக்கத்தோடு இணங்கிப்போகத் தொடங்கின. விளம்பரதாரரும் வாசகரும் மேயரும் இங்கேயே இருப்பவர்கள். வால்டர் குரோன்கைட் நியூயார்க்குக்குத் திரும்பிவிட்டார்.

தாம் கண்ணால் கண்டதைத் தம் ஆசிரியர்களே நம்ப மறுக்கிறார்கள் என்ற கசப்பிலிருந்துதான் 1968 அக்டோபரில் ‘சிகாகோ ஜர்னலிசம் ரிவ்யூ’ என்ற மாத இதழ் பிறந்தது. நான்கு நாளிதழ்களிலும் பணியாற்றிய நிருபர்கள் சேர்ந்து, ரான் டார்ஃப்மன் ஆசிரியராக, பகலில் எந்த நாளிதழுக்கு எழுதினார்களோ அதே நாளிதழ் எதை அச்சிடாமல் விட்டது, எந்தச் செய்தியை வெட்டியது என்பதை அதில் எழுதினார்கள். ‘சன்-டைம்ஸ்’ இதழின் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் பில் மால்டின் அதற்கு அட்டைப் படங்கள் வரைந்து கொடுத்தார். அமெரிக்க இதழியலில் பணியாளர்களே தம் முதலாளிகளின் இதழ்களை வெளிப்படையாக விமர்சித்த முன்னோடி முயற்சி அது. பிற நகரங்களிலும் அதைப் பார்த்து இதழ்கள் தோன்றின. 1975இல் அது நின்றுபோனது. வந்துபோன நிருபர்களுக்கு இப்படி ஓர் இதழ் தேவைப்படவில்லை, ஏனெனில் அவர்கள் கண்டதை அச்சிட அவர்களுடைய ஆசிரியர்களுக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை.

அந்த இதழின் எழுத்தாளர்கள் கேட்ட கேள்விகள் எவ்வளவு நியாயமானவை என்பது ஓராண்டு கழித்துத் தெரியவந்தது. 1969 டிசம்பர் 4 விடியலில், குக் கவுன்டி அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் ஹன்ரஹனின் பொறுப்பிலிருந்த காவலர்கள் பிளாக் பேந்தர் கட்சியின் ஃபிரெட் ஹாம்ப்டனையும் மார்க் கிளார்க்கையும் சுட்டுக் கொன்றனர். ஹன்ரஹனின் விளக்கத்தை ஏற்று, உள்ளேயிருந்தவர்கள் சுட்டதால் கதவில் விழுந்த துளைகள் என்ற படங்களை ட்ரிப்யூன் வெளியிட்டது. ‘சன்-டைம்ஸ்’ நிருபர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்து, அவை துளைகளே அல்ல, ஆணித் தலைகள் என்று எழுதினார்கள். இரண்டு இதழ்களுக்கும் அந்த வீட்டின் முகவரி தெரியும். அங்கு போய்ச்சேர எத்தனை நிமிடம் ஆகும் என்பதும் தெரியும்.

மாநாட்டின் அரசியல் விளைவும் டேலியைத் தேடி வந்தது. பேராளர் தேர்வைத் திருத்துவதற்காக ஜனநாயகக் கட்சி அமைத்த மெக்கவர்ன்–ஃபிரேசர் ஆணையம், பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் சிறுபான்மையினருக்கும் உரிய இடம் வேண்டும் என்றும், திரைமறைவில் பேராளர் பட்டியல் தயாரிப்பது கூடாதென்றும் விதிகளை வகுத்தது. அவ்விதிகளின்படி, 1972 ஜூலையில் மியாமி பீச்சில் கூடிய மாநாட்டில், வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட டேலியின் 59 பேராளர்கள் வெளியேற்றப்பட்டு, நகரமன்ற உறுப்பினர் வில்லியம் சிங்கரும் ஜெஸ்ஸி ஜாக்சனும் தலைமை தாங்கிய மாற்றுக் குழு அமர்த்தப்பட்டது. நாடெங்கும் சீர்திருத்தத்தின் வெற்றியாக அது பேசப்பட்டது.

அப்போது அதை எதிர்த்து எழுதியவர், முந்தைய ஆண்டில்தான் ‘பாஸ்’ என்ற நூலால் டேலியின் ஆட்சியைத் தோலுரித்துக் காட்டியிருந்த ராய்க்கோ. சிங்கருக்கு எழுதிய பகிரங்கக் கடிதமாக அமைந்த பத்தியில், புதிய குழுவின் பெயர்ப் பட்டியலைப் படித்துப் பார்த்து, சிகாகோ ஜனநாயகக் கட்சியின் முதுகெலும்பாக இருந்த போலந்து, இத்தாலி வழிவந்த வெள்ளைத் தொழிலாளர்கள் அதில் அநேகமாக இல்லை என்பதை அவர் சுட்டிக்காட்டினார். அவர்களைத் தவிர்த்துவிட்டு அந்நகரத்தில் கட்சியைச் சீர்திருத்த நினைப்பது தற்கொலைக்கு ஒப்பானது என்று எள்ளினார். நகரத்தின் குடியிருப்புகளைத் தெருத்தெருவாக அறிந்த ஒருவரால்தான் ஒரு பெயர்ப் பட்டியலை அப்படிப் படிக்க முடியும். மேயரிடம் எதையும் எதிர்பார்க்காத ஒருவரால்தான், மேயருக்குச் சாதகமாகத் தோன்றக்கூடிய ஒன்றை அவ்வளவு தயக்கமின்றி எழுதவும் முடியும்.

அவ்வாண்டு நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் இல்லினாய் மாநிலத்தை ரிச்சர்ட் நிக்சனிடம் இழந்தார். அதே நாளில், டேலியின் ஆதரவு பெற்ற பால் சைமனைக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்றிருந்த டேனியல் வாக்கர் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹாம்ப்டன் கொலையை மறவாத கறுப்பின வட்டங்கள் தம் வழக்கமான கட்சியைக் கைவிட்டு வாக்களிக்க, ஹன்ரஹன் குடியரசுக் கட்சியின் பெர்னார்ட் கேரியிடம் பதவியை இழந்தார்.